இழுவை வண்டியிலிருந்து யோக்கோஹாமா

கார் கண்காட்சியகம் நாளைக்கும் இருக்கும், வெய்க்கோ.
துடைத்துக் கண்ணாடிக்குள் வைத்தவை
எங்கும் ஓடிப்போகாது.
பெல்ட்டைப் போடு.
அந்தக் கதவைக் கொஞ்சம் தூக்கிச் சாத்தவேண்டும்.

என் பெயர் உராபே சினாமி.
பதினேழு வருடமாக இந்த ஊரில்
நின்றுபோன வண்டிகளை இழுத்துப் போகிறேன்.
ஆகவே நான் காட்டப்போகும் ஊரில்
பாதி கார்களுக்கு முன்சக்கரம் தரையில் இருக்காது.

முதலில் துறைமுகம்.
வேலிக்கு அப்பால் பார்,
வெள்ளை, வெள்ளை, வெள்ளை, நடுவில் ஒரு சாம்பல்.
இருக்கையில் பிளாஸ்டிக் உறை கழற்றவில்லை,
ஓடிய தூரம் ஒற்றை இலக்கம்.
கப்பல் பின்கதவைத் திறந்துகொண்டு நிற்கிறது.
ஒருவன் காரை உள்ளே விட்டுவிட்டு
வேனில் திரும்புகிறான், அடுத்ததை எடுக்க.
உள்ளே காருக்கும் காருக்கும் இடையே
ஒரு கை நுழையும் இடைவெளிதான்.
கதவைத் திறந்து வெளியே வர ஒல்லியாக இருக்கவேண்டும்.
என் கணவன் அந்த வேலையில் இருந்தான்.
எடை கூடியதும் வேலையை விட்டான்.
பிறகு என்னையும்.

ஹோன்மோக்கு பக்கம் ஒரு வளைவு உண்டு,
எந்த வரைபடத்திலும் நட்சத்திரம் போட்டிருக்காது.
இறங்கி அந்தத் தடுப்புக் கம்பியைத் தொட்டுப் பார்.
சிவப்புக் கீறல், பிரசவம் பார்க்க விரைந்த டாக்டர்.
பச்சை, காதலியிடம் வீரம் காட்டியவன்.
(அவள் பத்திரம். அவன் காதல்தான் நொறுங்கியது.)
அந்த வெள்ளி நிறத்தைப் பற்றிக் கேட்காதே.
நீ கேட்கவில்லை.
கேமராவையும் எடுக்கவில்லை.
அப்போதுதான் உன்னை
தைக்கோக்குவுக்குக் கூட்டிப்போகலாம் என்று தோன்றியது.

நடந்து போக முடியாத இடம் அது.
விரைவுச் சாலை சுருண்டு சுருண்டு கீழிறங்கி
ஒரு வண்டி நிறுத்தத்தில் முடியும்.
சனிக்கிழமை இரவானால்
ஊரில் ஒளித்துவைத்த ஆசையெல்லாம்
நான்கு சக்கரத்தில் அங்கே வந்து நிற்கும்.
தரையை முத்தமிடும் உயரத்தில் ஒன்று,
வயிற்றுக்கடியில் ஊதா விளக்கு எரிய ஒன்று.
கவாசாக்கி பல் டாக்டர் மூடியைத் திறந்தார்;
என்ஜினில் எங்கும் ஒரு சொத்தை இல்லை.
ஓரமாக ஒரு மின்சாரக் கார்,
பாகப்பிரிவினைக்கு வந்த பங்காளி போல
சத்தம் காட்டாமல்.
நீ வாய் பிளந்து நின்றாய்.
தானியங்கிப் பெட்டியில் நான் வாங்கித் தந்த
சோள சூப் கேன் ஆறிக்கொண்டிருந்தது.

ஒன்பது மணிக்கு ஒலிபெருக்கி:
இன்றிரவு இவ்விடம் மூடப்படுகிறது.
யாரும் வாதாடவில்லை.
இந்த ஊரில் சட்டத்தை மீறுகிறவர்களும்
வரிசையில்தான் மீறுவார்கள்.
உறுமல்கள் ஒவ்வொன்றாய் மேலேறிப் போக,
கடைசியில் ஒரே ஒரு மஞ்சள் கூப்பே.

சாவியைத் திருகுகிறாள், டிக், டிக், அவ்வளவுதான்.
ஹத்தனக்கா ருக்கா. இருபது வயது.
சூஷிக் கடைச் சீருடைகூட மாற்றவில்லை.
வண்டி வாங்கி மூன்று நாள்.
கொக்கியை நான் இறக்கப் போனேன்.
எத்தனை யென் என்று அவள் கேட்கவில்லை,
கண்தான் கேட்டது.

வெய்க்கோ, நீ சூப் கேனை என் வண்டிமேல் வைத்தாய்.
உலகத்தின் அந்தக் கோடியிலிருந்து
கார் பார்க்கப் பறந்து வந்தவன்
காரின் பின்னால் போய்க் குனிந்தாய்.
இரண்டாம் கியர், கிளட்சை மிதி,
நான் சொல்லும்போது விடு என்று கத்தினேன்.
நீயும் நானும், ஒரு போலீஸ்காரனும்
(தொப்பியைக் கழற்றிவிட்டு) தள்ளினோம்.
பத்தடி. இருபதடி.
இப்போ!
ஒரு தும்மல், ஒரு குலுக்கல்,
பிறகு அந்தச் சத்தம்.

அவள் நிற்கவில்லை. நின்றால் அணைந்துவிடும்.
ஹார்ன் இரண்டு தரம் அடித்தாள்.
பாலத்தின் விளக்குகளுக்கடியில் மஞ்சள் ஏறிப்போனது,
மூடியின் தூசியில் உன் உள்ளங்கை
இரண்டும் பதிந்தபடி.

மூச்சு வாங்கக் கேட்டாய்,
அது எந்த வருட மாடல்?
தெரியாது, கவனிக்கவில்லை என்றேன்.
நீயும்தான்.

வண்டியில் ஏறினாய்.
கதவை, நான் சொல்லாமலே,
கொஞ்சம் தூக்கிச் சாத்தினாய்.