இழுப்பு நின்ற இரவு

உச்சாயில் இரவு பதினொன்றரை.
கடல் இருந்த திசையிலிருந்து உப்புக்காற்று.
ஜன்னல் இடுக்கில் திணித்த ஈரத்துணி
அரைமணியில் வெளுத்து விறைத்தது.
ஜல்காஸின் நெஞ்சுக்குள்
எண்ணெய் காணாத கீல் ஒன்று
திறந்து சாத்தி, திறந்து சாத்தி.

நீல இன்ஹேலரைப்
பிளாஸ்டிக் குடுவையில் பொருத்தினேன்.
ஓர் அழுத்து, நான்கு மூச்சு.
மறுபடி ஓர் அழுத்து.
ஆறு வரை போனேன். கீல் கொஞ்சம் இளகியது.
அவன் சுவர்க் கம்பளத்து மான்களை எண்ணினான்.
எத்தனை முறை எண்ணினாலும் ஒன்பது.

போன மாதம் இதே நேரம்
சார்சென்பாயைத் தட்டி எழுப்பி
அவர் டமாஸ் வண்டியில் மொய்னாக் வரை போனேன்.
போய்ச் சேர்வதற்குள் இவன் சரியாகி
ஆஸ்பத்திரி வராந்தாவில் வழுக்கி விளையாடினான்.
நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்தாள்,
பிறகு என் செருப்பைப் பார்த்தாள்.
"இதற்காகவா?"
பெட்ரோலுக்குக் காசு நீட்டினேன்.
சார்சென்பாய் வாங்கவில்லை.
வாங்கியிருந்தால் இன்று
அந்தக் கதவைத் தட்டுவது எளிதாக இருந்திருக்கும்.

ஒன்றரைக்கு மறுபடி கீல்.
நான்கு மணிநேரம் தாங்க வேண்டிய மருந்து
இரண்டோடு கைவிட்டது.
டாக்டர் சுல்ஹுமார் மருந்துச்சீட்டின் முதுகில்
ஒரு பையனை வரைந்து கொடுத்திருந்தார்,
கழுத்துக் குழியில் புள்ளி,
விலா இடுக்கில் கோடுகள்.
"இங்கெல்லாம் தோல் உள்ளே இழுத்தால்
யோசிக்காதே, கிளம்பு.
பேச்சு உடைந்தாலும் கிளம்பு."

சட்டையைத் தூக்கினேன்.
இழுக்கிறதா? இழுக்கிற மாதிரி.
விளக்கை அருகே கொண்டுவந்தால் இல்லாத மாதிரி.
எப்போதும் விலா தெரியும் ஒல்லிப் பிள்ளை.
எந்தக் குழி பிறந்தது முதல் இருப்பது,
எந்தக் குழி இன்றிரவு விழுந்தது?

"நாளைக்கு என்ன சாப்பாடு, சொல்லு."
தினமும் ஒரே மூச்சில் கத்துவான்:
மீன் வேண்டாம் மீன் வேண்டாம் நூடுல்ஸ்தான் வேண்டும்.
"மீன்" என்றான்.
மூச்சு.
"வே..."
மூச்சு.
மீதியைக் கையால் காட்டினான்.

அப்போதே எழுந்திருக்க வேண்டும்.
நானோ அக்தாவுக்குப் போன் போட்டேன்.
பர்லிக்பாய் இரவு ஷிப்டில் இருந்தான்.
"இந்தப் புழுதியில் எங்கே போவாய்?
காற்று அடங்கட்டும்.
போனை அவன் நெஞ்சில் வை, கேட்கிறேன்."
வைத்தேன்.
"சத்தமே இல்லையே. நின்றுவிட்டது, பார்.
இனி தூங்குவான்."
அவன் குரலில் அப்படி ஒரு நிம்மதி.
எனக்கும்தான், ஒரு நொடி.

பிறகு கையை வைத்துப் பார்த்தேன்.
தோள் ஏறியது. வயிறு ஒட்டியது.
நடுவில் எதுவும் நடக்கவில்லை.
கீல் ஓய்ந்தது
எண்ணெய் விட்டதால் அல்ல.
கதவே திறக்கவில்லை.

போனை அணைத்தேனா தெரியாது.
இரண்டு கையாலும் தட்டினேன்.
சார்சென்பாய் பொத்தானை மாற்றிப் போட்டபடி வந்தார்,
ஒன்றும் கேட்கவில்லை.
சாலை இல்லை, விளக்குக்கம்பங்கள் மட்டும்.
தலையை வெளியே நீட்டி
கம்பம் கம்பமாக ஓட்டினார்.
நான் அழுத்தினேன், எண்ணினேன், அழுத்தினேன்.
போன் வெளிச்சத்தில் அவன் உதடு
ஈயப் பாத்திரத்தின் அடி.

அதே நர்ஸ்.
இம்முறை கடிகாரத்தைப் பார்க்கவில்லை, ஓடினாள்.
முகமூடி, ஆக்சிஜன், மருந்துப் புகை, ஊசி.
வெகுநேரம் கழித்து டீ கொண்டுவந்தாள்.
"ஏன் இவ்வளவு தாமதம்?"
நான் அவளைப் பார்த்தேன்.
கரைந்துபோன சர்க்கரையை
அவள் கலக்கிக்கொண்டே இருந்தாள்.

விடியும்போது கீல் மறுபடி கேட்டது.
பதறி எழுந்தேன்.
டாக்டர் குழாயைக் காதிலிருந்து எடுத்துச் சிரித்தார்:
"கத்தட்டும். காற்று போகிறது."

வெளியே சார்சென்பாய்
கண்ணாடியில் படிந்த உப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.
அவர் சட்டைப்பையில் காசைத் திணித்தேன்.
வாங்கிக்கொள்ளுங்கள்,
நான் இன்னும் எத்தனை முறை தட்டுவேனோ.