முற்பகல்

எங்கள் துறையில் ஸ்டாஃப் என்றால் இரண்டு.
ஒன்று, நான்கு மீட்டர் மரக்கோல்.
சிவப்பும் கறுப்புமாய் எண்கள் எழுதியது.
சர்வே வகுப்பில் ஒரு பையன் அதை நிமிர்த்திப் பிடிக்க
இன்னொருவன் தூரத்திலிருந்து லெவல் வழியாகப் படிப்பான்.
மற்றது நாங்கள்.

சுற்றறிக்கை செவ்வாய்க்கிழமை வந்தது.
இரண்டாம் சுழற்சி மூடப்படுகிறது.
நிரந்தரமானவர்களுக்குப் பணி நிரவல்,
கிருஷ்ணகிரிக்கோ பரமக்குடிக்கோ.
தொகுப்பூதியக்காரர்களுக்குப் பத்தி நான்கு, உட்பிரிவு இ:
கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் விடுவிக்கப்படுவார்.

விடுவிக்க.
ஜெபநேசனை இத்தனை நாள்
யாரோ கட்டிப்போட்டிருந்த மாதிரி.

அவரும் நானும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள்.
பதினோரு பதினோரு மாதமாகப் பன்னிரண்டு வருஷம்.
ஒவ்வொரு மே மாதமும் தரமணியில் நாங்கள் கிடையாது.

வஹிதா மேடம் பீரோவின் அடித்தட்டிலிருந்து
பழைய பதிவேட்டை எடுத்தார்.
வெள்ளத்தில் ஊறிக் காய்ந்த ஓரங்கள்
அப்பளமாய் நொறுங்கின.
என் பெயருக்கு நேரே மு.ப.
அவர் பெயருக்கு நேரே பி.ப.
ஒரு சாப்பாட்டு வேளைதான் எங்களுக்குள் வித்தியாசம்.

அன்று ஒன்பதரைக்கே வந்து
முதல் ஆளாக நின்றவர் அவர்.
கிளார்க் வந்ததே பதினொன்றரைக்கு.
நான் திருவான்மியூர் ஸ்டேஷனில் இறங்கி ஓடி வந்திருந்தேன்.
வீட்டில் ஏழு மாதக் குழந்தை.
பால் கட்டி, சேலை முன்பக்கம் நனைந்திருந்தது.
பார்த்தார். பார்க்காதது போலச் சுவர்க் காலண்டரைப் படித்தார்.
"நீங்க முதல்ல முடிச்சிடுங்க, எனக்கு அவசரமில்ல."
என் பேனா எழுதவில்லை.
அவருடையதை வாங்கித்தான் கையெழுத்துப் போட்டேன்.
என் சான்றிதழ்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டு
கிளார்க் டிபன் டப்பாவைத் திறந்தார்.

இப்போது மேடத்திடம்
யாரையோ பற்றி விசாரிப்பது போலக் கேட்டேன்:
வரிசையில் யார் முன்னால் நின்றார்கள் என்று
கணக்கு உண்டா?
மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.
"அதுக்கு இதுல காலம் இல்லையேம்மா."

எனக்கு அப்பாடா என்றிருந்தது.
அதற்கும்
அந்தப் பதிவேட்டில் காலம் இல்லை.

வெள்ளிக்கிழமை அவருக்குக் கடைசி வகுப்பு.
மழை வரும்போல் இருந்ததால் பையன்கள் நான்கு பேர்தான்.
பழைய லெவல்தான் மிச்சம், புதியதில் குமிழி உடைந்துவிட்டது.
பழையதில் பார்த்தால் எல்லாம் தலைகீழ்,
மரம், கேன்டீன், தண்ணீர் டேங்க்.
வருஷா வருஷம் பையன்கள் அதற்குச் சிரிப்பார்கள்.
"ஸ்டாஃப் பிடிக்க ஆள் இல்ல" என்றார்.
நான் போனேன்.

மைதானத்தின் அந்தக் கோடியில்
முட்டிவரை புல், ஒரு உடைந்த கிரிக்கெட் ஸ்டம்ப்.
கோலைச் சேர்த்துப் பிடித்து நின்றேன்.
தூரத்தில் அவர் குனிந்தார், ஒரு கண்ணை மூடினார்.
அவர் கண்ணுக்குள்
நான் தலைகீழாக நின்றுகொண்டிருப்பேன்.

பறக்கும் ரயில் ஒன்று வேளச்சேரிப் பக்கம் போயிற்று.
அது போய் முடியும்வரை காத்திருந்து
கை அசைத்துக் கத்தினார்:

"ஆடுது மேடம்,
கொஞ்சம் நேராப் பிடிங்க."