சிலேட்டின் பின்பக்கம்

எங்கள் கிணறு வெட்டியபோது வந்த கல்
முழுக்கச் சுண்ணாம்பு.
ஓட்டை ஓட்டையாய், உள்ளே சிப்பி.
அதில் தீட்டினால் கத்தி கடிபடும்.
அம்மி வேறு ஊர்க் கல். மிளகாய்க்குத்தான் அது சரி.
கஸ்தூரியார் வீதி இரும்புக்கடையில்
தச்சர் பாவிக்கும் எண்ணெய்க்கல் ஒன்று வாங்கினேன்.
விளிம்பு வந்தது. ஆனால்
கன்னத்தில் வைத்ததும் அவர் சொன்னார்:
"இழுக்குது."

வலக்கை விழுந்து எட்டு மாதம்.
பேச்சு திரும்பி வந்தது,
வந்த முதல் சொல்லே குறை.
மிசின் எரியுதாம். பிளேட் வெட்டுதாம்.
சலூனுக்குப் போக மானம் விடாதாம்.
வங்கியில் இருந்த காலம் முழுக்க
ஒரே சவரக்கத்தி, கறுத்தக் கொம்புப்பிடி.
அதை இனி நான் பிடிக்க வேண்டும்.

நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்துச் சாமான் அறையில்
கால் முறிந்த கதிரைகளுக்குப் பின்னால்
சிலேட்டுகள் பதினாறு.
கப்பலில் வந்து
பிள்ளைகளின் எச்சிலில் அழிந்து அழிந்து
வழவழத்த கல்.
அதிபரிடம் ஒன்று கேட்டேன். காரணம் சொல்லவில்லை.
மரச்சட்டத்தில் ஆணியால் கீறியிருந்தது:
ம. திலகேஸ்வரி, 2 ஆ.
முன்பக்கத்தில் எழுத்துக்கான கோடுகள். கத்தி தடக்கும்.
பின்பக்கம் வெறுமை.

கண்ணாடியில் மணல்தாள் ஒட்டி
இரண்டு மாலை மட்டம் பார்த்தேன்.
கிணற்றுத் தண்ணீர் காய்ந்தால் கல்லில் வெள்ளை பூக்கும்,
அதனால் கார்த்திகையில் பிடித்த மழை, ஒரு போத்தல்.
முதுகும் விளிம்பும் ஒன்றாய்ப் படிய வேண்டும்,
விளிம்பு முன்னே போக வேண்டும்,
திருப்பும்போது முதுகில் புரட்ட வேண்டும்.
அழுத்தினால் கெட்டது,
கத்தியின் பாரமே போதும்.
சாம்பல் சேறு கசிந்தது. அதையும் கழுவி
வெறும் தண்ணீரில் ஐம்பது தரம்.
முதலில் கர் என்றது,
பிறகு பட்டுச்சேலை மடிக்கும் சத்தம்,
பிறகு சத்தமே இல்லை.
கல் கத்தியை உறிஞ்சிப் பிடித்துக்கொண்டது.

சோதித்ததெல்லாம் என் இடக்கையில்.
காப்புக்கு மேலே காசளவு மொட்டை.
பருத்தித்துறை பஸ்ஸில் பக்கத்துப் பிள்ளை கேட்டது:
"ரீச்சர், சுட்டதோ?"
ஓம் என்றேன்.

ஞாயிறு காலை. சவர்க்கார நுரை.
இரண்டு கன்னமும் முடிந்தன, அவர் வாய் திறக்கவில்லை.
நாடியைத் தூக்கிப் பிடித்தேன்.
உப்புக் கூட, புளி குறைய என்று
முப்பது வருசம் சொன்ன தொண்டை
என் விரலுக்குக் கீழே ஏறி இறங்கியது.
கத்தி நின்றது.
வெளியே மீன்காரன் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனான்.
சத்தம் ஒழுங்கை முடக்குத் திரும்பும் வரை
நான் அசையவில்லை.

"ஏன் நிண்டிட்டீர்?"

"கல்லை யோசிச்சன்.
இன்னும் பத்துத் தரம் போட்டிருக்கலாமோ எண்டு."

கண்ணை மூடிக்கொண்டார்.
"காணும்," என்றார். "இழுக்கேல்லை."