காலி எடை

இரவு பத்து மணிக்கு மேல்
சிப்காட் எடைமேடையில் நான்தான்.
குடிகாட்டுப் பக்கம் காற்று திரும்பினால்
அழுகிய முட்டையோடு ஊதுவத்தி கலந்த வாடை.
லாரி ஏறும். எண் நிற்கும். சீட்டு கிழியும்.
ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவே
எனக்கொரு கூடைப்பந்து அணி இருக்கிறது.

பந்தைக் கையால் தொட்டது
எட்டாம் வகுப்பில், ஒரே தடவை,
கோட்டுக்கு வெளியே உருண்டு வந்ததை எடுத்துக் கொடுக்க.
ஆனாலும் திங்கட்கிழமைதோறும்
பன்னிரண்டு பேருக்குச் சம்பளம் போடுகிறேன்,
இல்லாத பணத்தில்.

எங்கள் பிரிவில் பதினாறு அணி,
பதினைந்துக்கு ஒரே வைத்தியம்:
மூன்று நெட்டையர்களை வாங்கு.
கூடைக்கடியில் நிறுத்து.
பந்தை உள்ளே போடு, உள்ளே போடு, உள்ளேயே போடு.
நாலு சீசனாக இதுதான் கோப்பை தூக்குகிறது.
கௌனாஸ் ஊர் ஆந்த்ரியுஸ் இதில் ராஜா.
அவன் நடு ஆட்டக்காரன் ஏழடி இரண்டங்குலம்.
அந்த ஒருவனின் வாரச் சம்பளத்தில்
என் அணியை இரண்டு தடவை வாங்கி
மீதிக்கு டீ குடிக்கலாம்.

நானும் ஒரு நெட்டையனை வாங்கிப் பார்த்தேன், கடனில்.
முப்பத்து மூன்று வயது, முழங்கால் போனவன்.
நாற்பத்தொரு புள்ளியில் தோற்றோம்.

அப்புறம் ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி
பாய்லர் நின்று, லோடு கிடைக்காமல்
திரும்பி வந்தது ஒரு பதினான்கு சக்கர வண்டி.
மேடை முனகியது. கண்ணாடி ஜன்னல் அதிர்ந்தது.
உள்ளே போன எடை, வெளியே வந்த எடை,
கழித்தேன்.
நிகரம்: பூஜ்யம்.

அவ்வளவு பெரிய வண்டி!

ஓட்டுநர் குணபூஷணம் டீசல் கணக்கைச் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தார்.
எனக்குக் காதில் ஏறவில்லை.
ஏழடிக்காரனை என்னால் தடுக்க முடியாது, சரி.
அவன்மேல் லோடு ஏற்றுகிறவன் யார்?
ஆந்த்ரியுஸ் எல்லாக் காசையும் உயரத்தில் கொட்டிவிட்டு
பந்து கொண்டுவரும் பையன்களை
தள்ளுவண்டி விலைக்கு எடுத்திருந்தான்.

முழங்கால்காரனை விற்றேன்.
யாரும் ஏலம் கேட்காத இரண்டு குள்ளர்களை எடுத்தேன்:
பிலவேந்திரன் லூலா, ஜிதேந்தர் மரியசூசை.
பெயர் வைத்தது கணினி, நான் பொறுப்பில்லை.
சுட வராது, குதிக்க வராது.
பறிக்க மட்டும் வரும்.
மைதானம் முழுக்க நெருக்கச் சொன்னேன்,
நம் கையில் பந்து வந்தால் அவசரப்படாதே என்றேன்.
சொன்னேன் என்றால், இரண்டு கட்டத்தில் டிக் போட்டேன்.

ஆட்டம் நள்ளிரவு பன்னிரண்டரைக்கு.
எழுத்து மட்டும்தான் ஓடும், படம் கிடையாது.
பிலவேந்திரன் பறிக்கிறார்.
பந்து வெளியே.
பிலவேந்திரன் பறிக்கிறார்.
ஏழடிக்காரன் கை தூக்கியபடி நிற்கிறான் என்று
அதில் எழுதவில்லை; நான் பார்த்தேன்.
கடைசி நிமிடம், மேடையில் ஒரு காஸ்டிக் லாரி,
"மேடம், சீட்டு" என்று ஹார்ன்.
எழுபத்தொன்று, அறுபத்தொன்பது.
நிகர எடைக் கட்டத்தில் 71 என்று அடித்துவிட்டேன்.
ரத்து செய்து வேறு சீட்டு போட்டேன்.

ஆந்த்ரியுஸ் ஒரு சொல் அனுப்பினான், அவன் மொழியில்.
அர்த்தம் தேடிப் பார்க்கவில்லை.

இதெல்லாம் போன சீசன்.
இப்போது பதினைந்து பேரும் குள்ளர்களைத்தான் வாங்குகிறார்கள்.
பிலவேந்திரன் மாதிரி ஒருவன் வேண்டுமென்றால்
நான் மைதானத்தையே விற்க வேண்டும்.
சந்தையின் கடைசிப் பக்கத்தில்
பத்தொன்பது வயது, ஏழடி ஓரங்குலம்,
ஒருவன் கேட்பாரற்றுக் கிடக்கிறான்.
ஏலம் முடிய நாலு நிமிடம்.

வெளியே முகப்பு விளக்கு இரண்டு தடவை மின்னுகிறது.
ஏறு ஏறு என்று கை காட்டுகிறேன்,
இன்னொரு கை மவுஸில்.