ஒன்றும் போடாமல்

சொல்தா வீட்டைக் காலி செய்தபோது
எடைக்குப் போகவிருந்த டர்ன்டேபிளை
எண்ணூறு ரூபாய்க்கு வாங்கிக் கடலூர் பஸ்ஸில் ஏற்றினேன்.
கூடவே ஓர் இசைத்தட்டு. உறை இல்லை.
நடு லேபிளைக் கரப்பான் தின்றிருந்தது.

வீட்டு ஸ்பீக்கரில் நேராகச் செருகி
வால்யூமை முழுக்கத் திருப்பியும்
தகர டப்பாவுக்குள் கொசு.
இடையில் ஒரு பெட்டி வேண்டுமாம், ப்ரீஆம்ப்.
ஊசி கொடுப்பது நாலைந்து மில்லிவோல்ட்தானாம்.

மில்லிவோல்ட் எனக்குத் தெரியும்.
மஞ்சக்குப்பம் ஆஸ்பத்திரியில்
பதினோரு வருடமாக ஈசிஜி எடுக்கிறேன்.
இதயம் இதயம் என்று ஊரே பேசுவது
தோலுக்கு வந்து சேரும்போது ஒரு மில்லிவோல்ட்.
அதுவும் ஒழுங்காக வந்து சேராது.
கட்டிலுக்கு மேலே ஃபேன்,
தலைமாட்டில் யாரோ செல்லுக்குச் சார்ஜ் போட்டிருப்பார்கள்,
தாளில் கோடு ரம்பப் பல்லாகிவிடும்.
"அசையாதீங்க" என்று நோயாளியைத் திட்டுவோம்.
அசைந்தது கரண்ட்.

ஞாயிறு. புதுச்சேரி.
காந்தி வீதிச் சந்தையில்
நைட்டிகளையும் பிளாஸ்டிக் கூடைகளையும் விலக்கிக்கொண்டு
ஃபெலிசியாவின் கடைக்குள் நுழைந்தேன்.
மேசையில் மூன்று பெட்டிகளை வைத்தாள்.
"எந்தத் தட்டு போடட்டும்?"
"ஒண்ணும் போட வேணாம்.
சும்மா வால்யூம முழுசா வைங்க."
ஒயர் வாங்க வந்த பையன் திரும்பிப் பார்த்தான்.

ஆயிரத்து இருநூறு ரூபாய்ப் பெட்டி
ம்ம்ம்ம் என்றது.
ஐம்பது ஹெர்ட்ஸ். பழகின ஆள்,
வார்டில் தினமும் வணக்கம் வைப்பவன்.

அடுத்தது பதினாலாயிரம்.
உள்ளே இரண்டு வால்வுகள் ஆரஞ்சாய் எரிந்தன.
அதன் அமைதியைக் கேட்டதும்
சம்பளத் தேதி ஞாபகம் வந்தது.
கையை மட்டும் கொஞ்ச நேரம் அதன்மேல் காட்டினேன்,
சூடாக இருந்தது.

மூன்றாவது, சோப்புப் பெட்டி அளவு.
கறுப்புத் தகரம், பின்னால் எர்த்துக்கு ஒரு திருகாணி.
மூவாயிரத்து நானூறு.
தேவனாம்பட்டினத்துக் கடலை
மஞ்சக்குப்பத்திலிருந்து கேட்கிற மாதிரி ஒரு ஸ்ஸ்.
இருக்கிறது என்று தெரியும்,
கேட்கிறது என்று சத்தியம் பண்ண முடியாது.

"தட்டு வெட்டும்போதே பேஸை ஒல்லியாக்கிடுவாங்க" என்றாள் ஃபெலிசியா.
"இல்லன்னா ஒரு கோடு பக்கத்துக் கோட்டுல போய் இடிக்கும்.
எடுத்ததை எடுத்த அளவுக்குத் திருப்பித் தர்றதுதான் இதோட வேலை.
கூடத் தந்தா பாட்டு வீங்கிடும்."
எடுத்ததை எடுத்த அளவுக்கு.
என் நாத்தனாரிடம் இந்தப் பெட்டியை
ஒருநாள் இரவல் கொடுக்க வேண்டும்.
இருநூறு குறைக்கச் சொன்னேன், நூறு குறைந்தது.

வீட்டுக்கு வந்து மாட்டினால்
ம்ம்ம்ம்.
கடையில் இல்லாதவன் என் கூடத்தில் உட்கார்ந்திருந்தான்.
ஸ்விட்ச் போர்டைக் கழற்றிப் பார்த்தேன்.
எர்த் துளை இருக்கிறது, அதற்குப் பின்னால் ஒயரே இல்லை.
ஆறு வருடமாக வாடகை வாங்குகிறார் மனிதர்.
திருகாணியிலிருந்து ஒரு பச்சை ஒயரை
ஜன்னல் வழியாக இழுத்துப்போய்
பொது அடிபம்பின் கழுத்தில் சுற்றினேன்.
நின்றது.
ஃப்ரிட்ஜ் பெருமூச்சு விட்டு அடங்குவதுகூடக் கேட்டது.

ஊசியை இறக்கினேன்.
பாட்டு இல்லை.
ஓர் ஆண்குரல், பிரெஞ்சில் ஒரு வாக்கியம்.
பிறகு ஒன்றும் இல்லை.
மறுபடி ஒரு வாக்கியம், மறுபடி ஒன்றும் இல்லை.
தட்டு கெட்டுவிட்டதோ என்று குனிந்தேன்.
நாலாவது வாக்கியத்தில்தான் உறைத்தது,
பாடம் நடத்துகிறார்.
பதில் சொல்லிப் பழக விட்ட இடம் அது.
சொல்தாவின் மனைவி சொல்லியிருக்கலாம்,
வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தும் இருந்திருக்கலாம்.

அவர் கேட்டார். காத்திருந்தார்.
துளி இரைச்சல் இல்லாத மூவாயிரத்து முந்நூறு ரூபாய் இடைவெளி.
எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.
வெளியே ஜொஹரா குடத்தை வைத்துப் பம்பை அடித்தாள்.
ஒயர் வழியே வந்து ஸ்பீக்கரில்
டொக் என்றது.

அதை ஏற்றுக்கொண்டவர் போல
அடுத்த வாக்கியத்துக்குப் போனார்.