சித்தூர்-2 இணைப்பில் இல்லை

கோபாலபுரம் சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம்
பஞ்சர் கடை மாடியில் எங்கள் லாரி ஆபீஸ்.
முதலாளி மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து
திரையின் வலது மூலையில்
உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஜன்னலைத் திறந்து வைத்தான்.
போன் பில் மிச்சம், என்றான்.

ஜன்னலில் ஒரே ஒரு பெயர்: சித்தூர்-2.
பக்கத்தில் பச்சை மிளகு அளவுக்கு ஒரு புள்ளி.
எட்டே காலுக்கு எரியும்.
சாப்பாட்டு நேரத்தில் மஞ்சளாகும்.

கீபோர்டில் தமிழும் இல்லை, மலையாளமும் இல்லை.
இங்கிலீஷ் எழுத்தை இரவல் வாங்கி
அவரவர் வாயால் பேசினோம்.
வண்டி விட்டாச்சு, என்பேன்.
வண்டி எத்தி, என்று வரும்.
யார் யாரை எத்தியது என்று
முதல் வாரம் டிரைவருக்குப் போன் போட்டுக் கேட்டேன்.

மூட்டைக் கணக்கை அடைப்புக்குறிக்குள் போட்டால்
கடைசி எட்டும் குறியும் ஒட்டிக்கொண்டு
கறுப்புக் கண்ணாடி மாட்டிய மஞ்சள் முகமாகிவிடும்.
நூற்றெட்டு மூட்டை சிமென்ட்
பத்தும் ஒரு கண்ணாடிக்காரனுமாகப் போய்ச் சேரும்.
திருத்தித் திருத்தி மறுபடி அனுப்புவேன்.

ஆடிக் கடைசியில் ஓணத்து லோடு.
உடுமலைப் பக்கத்து உருண்டை வெல்லம்.
அவர்கள் ஊரில் அதற்குப் பேர் சர்க்கரை.
எனக்காக வெல்லம் என்று அடிக்கப் பழகியிருந்தது
சித்தூர்-2.
ஆணா பெண்ணா என்று நான் கேட்டதில்லை.
சரக்குக்கு அது தேவைப்படவில்லை.

அந்த வியாழக்கிழமை
தகரத்தின் மேல் மழை வேறெதையும் கேட்க விடவில்லை.
மூன்று பத்துக்கு ஜன்னல் சிமிட்டியது.

வெல்லம் வந்நு.

சரி, என்றேன். எண்ணிப் பாத்துக் கையெழுத்து வாங்குங்க.

அடியில் சின்னப் பென்சில் நகர்ந்தது.
நின்றது.
நகர்ந்தது.

வெல்லம் அகத்து வந்நு.

உள்ளே இறக்கியாச்சா, நல்லது.
நனையாமப் பாத்துக்குங்க.

புள்ளி சாம்பலானது.
மின்சாரம் போயிருக்கும் என்று
டீ குடிக்க இறங்கினேன்.

டீக்கடையில் பால் வண்டிக்காரர் சொன்னார்:
ஆழியாறு மதகு தூக்கியாச்சு,
சித்தூர்ப் பாலத்துக்கு மேல ஆறு போகுது.

இரண்டு எல்.
நாக்கு மடிவதும் மடியாததும்
அடித்தவர் வாயிலேயே நின்றுவிடுகிறது.
எங்கள் பக்கத்துத் தண்ணீர்தான்.
பில் இல்லை, எடை போடவில்லை,
சாவடியில் நிற்கவும் இல்லை.

இருக்கீங்களா, என்று அடித்தேன்.
ஆள் வந்ததும் சேர்க்கப்படும் என்றது சாய்ந்த எழுத்து.
மறுநாளும் அடித்தேன். அதற்கடுத்த நாள் இரண்டு தரம்.
அந்தப்பக்க நம்பர் ஒன்றும் போகவில்லை.
முதலாளி நாற்பது மூட்டைக்கு நஷ்டம் எழுதச் சொன்னார்.
எழுதினேன்.
மேலே தள்ளித் தள்ளிப் படித்தேன்:
நனையாமப் பாத்துக்குங்க.
அனுப்பியதை அழிக்க அந்த ஜன்னலில் வழியில்லை.

ஒன்பதாம் நாள், பதினொன்று நாற்பதுக்கு,
பச்சை.
என்னுடைய பதினான்கு 'இருக்கீங்களா'வும்
ஒன்றன்பின் ஒன்றாக அங்கே விழுந்திருக்கும்,
ஈரச் சுவர் வாசத்துக்கு நடுவில், டிங் டிங் என்று.
பென்சில் நகர்ந்தது.

வெல்லம் போயி.

எந்த வெல்லம்? என்றேன்.

ரண்டும்.

பிறகு வெகுநேரம் பென்சில் மட்டும்.
அத்தனை நேரம் எழுதி
வந்தது ஒரே ஒரு வரி:
நாளெ லோடு உண்டோ?

உண்டு. சிமென்ட்.
அடைப்புக்குறிக்குள் இருபத்தெட்டு.

இரண்டும் ஒரு கண்ணாடிக்காரனுமாக
எல்லை தாண்டிப் போனது.
திருத்தவில்லை.