ஒன்பது பதினேழு

"உண்மைச் சம்பவங்களை அடிப்படையாகக் கொண்டது"
என்று எழுத்து வந்ததும்
பாவாடை செருப்பைக் கழற்றினான்.
கோயிலுக்குள் போகிறவன் மாதிரி இல்லை,
நெடுந்தூரம் வண்டி எடுக்கிறவன் மாதிரி.

புதுச்சேரியில் இரண்டாம் ஆட்டம். ஏசி பாதிதான் வேலை செய்தது.
கார் பந்தயப் படம். ஏதோ வெள்ளைக்காரன்,
ஏதோ வருஷம், மழை பெய்கிற ஏதோ மலைப்பாதை.
காதில் தமிழ் விழுகிறது, உதடு வேறெதையோ பேசுகிறது.

எனக்கு முடிவு தெரியும்.
டிக்கெட் வரிசையிலேயே போனில் தேடிப் படித்துவிட்டேன்:
கடைசிச் சுற்றுக்கு முந்தின சுற்று, இடப்பக்க வளைவு,
செத்துப்போவான்.
ஆனாலும் நாற்காலிக் கையை இறுகப் பிடித்திருந்தேன்.

கட்டுக்கதை என்றால் டைரக்டரைக் கெஞ்சலாம்.
நடந்ததிடம் எதைக் கெஞ்சுவது?
அது தேதி போட்டு உட்கார்ந்திருக்கிறது.
அதனால்தான் போலிருக்கிறது,
அவன் ஹெல்மெட் வாரை மாட்டுகிற சின்ன வேலைகூட
நெஞ்சை அடைக்கிறது.
இன்னும் சாகவில்லை, இன்னும் சாகவில்லை என்று
ஒவ்வொரு சுற்றையும் கடன் வாங்கிப் பார்க்கிறோம்.

நான் இன்னொருவனையும் பார்த்தேன்.
பாதையோரம், குடைகூட இல்லாமல்,
கழுத்தில் ஸ்டாப் வாட்ச் தொங்க நிற்கிறான்.
கார் கடக்கும்போதெல்லாம் எழுதுகிறான்.
வசனம் கிடையாது. பெயர் கிடையாது.
அவனை எனக்குத் தெரியும்.
கடலூர் பஸ் ஸ்டாண்டில் பதினாறு வருஷமாக
நான்தான் அவன்.

டைம் கீப்பர். தகரக் கூண்டு, நீள ஏடு.
எனக்கு நொடி கிடையாது, நிமிஷம்தான்.
அந்த ஒரு நிமிஷத்துக்காகச் சட்டையைப் பிடித்திருக்கிறார்கள்.
முன்னால் போகிறவனுக்குக் கலெக்‌ஷன்,
பின்னால் வருகிறவனுக்குக் காலி சீட்டு.
தவளக்குப்பத்தில் ஒருவன் முந்துவான்,
கிருமாம்பாக்கத்தில் மற்றவன்.
கன்னியகோவிலில் குடித்துவிட்டு ஏறுகிறவர்கள்
"உடாதண்ணே, அவன உடாத" என்று கம்பியைத் தட்டுவார்கள்.
கோப்பை கிடையாது, மாலை கிடையாது.

இடைவேளையில் பாவாடை பாப்கார்ன் வாங்கினான். தின்னவில்லை.
"அந்த ரெண்டு பேரும் நெசமாவே சண்ட போட்டிருப்பாங்களா?"
"அடிப்படைதான் உண்மை. மேல கட்டுனது இவங்க."
"ம்" என்றான்.

என் ஏட்டிலும் அடிப்படை உண்மைதான்.
தேதி உண்மை, வண்டி எண் உண்மை, கையெழுத்து என்னுடையது.
அன்றைக்கு இவன் வண்டி உள்ளே வந்தது ஒன்பது ஆறுக்கு.
நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன், எழுதவில்லை.
ரெட்டிச்சாவடியில் எதிரே வந்த மொபெட் ஒன்று
இவனுக்கு ஒதுங்கிப் பள்ளத்தில் விழுந்த சேதி
பின்னால் வந்த வண்டியில்தான் வந்தது.
சாலையெல்லாம் ஐஸ் கட்டியும் சங்கராவும் கிடந்ததாம்.
டீயைக் கீழே வைத்தேன்.
9.17 என்று எழுதினேன். அவன் வர வேண்டிய நேரம்.

சப்-இன்ஸ்பெக்டர் ஏட்டைப் புரட்டினார்.
"கரெக்ட் டைம்தானே" என்றார்.
வேதமாணிக்கம் என்று பெயர், மொபெட்காரருக்கு.
பிழைத்துக்கொண்டார். முழங்கால் மடங்காது.
பாவாடைமேல் கேஸ் இல்லை, லைசென்ஸ் அவனிடமே இருக்கிறது.
அவனாகத்தான் இறங்கினான்.
இப்போது மஞ்சக்குப்பத்தில் தண்ணீர் கேன் போடுகிறான்,
மூன்று சக்கர சைக்கிளில்.

அந்த வளைவு வந்தது.
கொட்டகையே முன்னால் சாய்ந்தது, எவனோ விசிலடித்தான்.
இருட்டில் என் பக்கத்தில்
ஒரு வெறுங்கால் சிமெண்டுத் தரையை
அழுத்தி, விட்டு, அழுத்தி,
பிரேக் தேடிக்கொண்டிருந்தது.

முடிந்ததும் நிஜ மனிதர்களின் புகைப்படங்கள்.
இதற்காகத்தான் நான் இந்த மாதிரிப் படங்களுக்கு வருவதே.
நிஜமானவன் அவ்வளவு அழகில்லை. காது பெரிது.
வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியிருக்கிறான்,
தனக்கு என்ன ஆகும் என்று
அந்தக் கொட்டகையில் தெரியாதவன் அவன் ஒருவன்தான்.
ஸ்டாப் வாட்ச்காரனைத் தேடினேன்.
ஒரு படத்தின் ஓரத்தில் முழங்கை மட்டும் இருந்தது,
ஒரு அட்டையின் மூலையும்.
எழுதியது தெரியவில்லை.

பைக்கை நான் ஓட்டினேன். நாற்பதைத் தாண்டவில்லை.
ரெட்டிச்சாவடி தாண்டும்போது பின்னாலிருந்து கேட்டான்:
"மணி என்னடா?"
வண்டியை ஓரங்கட்டினேன். போனை எடுத்தேன்.
"ஒன்னு பதினொன்னு."
ஒன்று பதினொன்றுதான்.